தூக்குக்குண்டும் தெருப்பக்கச் சுவரும்

ஒரு காலத்தில் தேரிக்காட்டுச் செம்மணல் ஓரத்தில் ஒரு கல்வீடு இருந்தது. அதைக் கட்டியவர் அருமைநாயகம் கொத்தனார். ஊராருக்கெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு. ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வைத்தார்.

வீட்டுக்கு நாலு சுவர்கள். மூன்று சுவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நாலாவது தெருப்பக்கச் சுவர். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கொத்தனாரின் மனைவி தங்கக்கனி அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து, கீழே நீலக்கரை இழுப்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "பளிச்சின்னு இருக்கே!" என்பார்கள். சுவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். இன்னும் நன்றாகக் காதில் விழட்டும் என்று தெருப்பக்கம் லேசாகச் சாயும். ரொம்ப இல்லை, ஒரு நெல்மணி அளவு. அடுத்த வருஷம் இன்னொரு நெல்மணி.

வெளியே யாருக்கும் தெரியவில்லை. பனை உத்திரத்துக்கு மட்டும் தெரிந்தது. அதன் ஒரு தலை அந்தச் சுவரின் மேல்தான் இருந்தது. உத்திரத்துக்குக் கீழே கொத்தனாரின் மகள் பியூலாவின் கட்டில் கிடந்தது.

"நீ தள்ளித் தள்ளிப் போகிறாய். நான் எதில் தலை வைப்பேன்?" என்று கேட்டது உத்திரம்.

"உனக்கு வயதாகிவிட்டது. முறுக்கிக்கொண்டு என்னைக் குறை சொல்கிறாய்," என்றது சுவர்.

ஆனால் மூலையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விட்டது. சுவர் அவசரமாகச் சுண்ணாம்பைக் கூப்பிட்டது. சுண்ணாம்பு யாருக்கும் கெட்டது சொல்லாத ஆள். அதனால் அதற்கு எங்கேயும் மரியாதை உண்டு.

"இதெல்லாம் ஒரு விரிசலா?" என்றது சுண்ணாம்பு. "ஒரு பூச்சில் மறைந்துவிடும். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. உன்னை மாதிரிச் சுவர் இந்தத் தெருவிலேயே கிடையாது."

விரிசலை மூடிக்கொண்டு அது கெட்டியாக உட்கார்ந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்கும் முன்னே, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க, அருமைநாயகம் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் வந்தார். சுவரின் உச்சியிலிருந்து கயிற்றை விட்டார். பித்தளைக் குண்டு கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. கீழே குண்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழைகிற இடைவெளி இருந்தது.

சுவருக்கு ஆத்திரம் வந்தது. "நீ கோணலாகத் தொங்குகிறாய்."

"நான் தொங்குகிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்," என்றது தூக்குக்குண்டு.

"காற்றடிக்கிறது."

"காற்று நின்று நேரமாகிவிட்டது."

"என் மேல் உனக்கு என்ன வன்மம்?"

"ஒன்றும் இல்லை. என்னைப் பிடித்திருக்கிற கையைப் பார்."

சுவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது தன்னைக் கட்டிய கை என்று தெரிந்திருக்கும்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி ஆயிட்டு?" என்று தங்கக்கனி கேட்டாள்.

"சொவரு சாஞ்சிட்டு, பிள்ள."

"இடிக்கவா போறீய? கிறிஸ்துமஸ் வருதுல்லா." அவள் குண்டையே பார்த்தாள். "நியாயந்தீர்க்க கர்த்தர் தூக்குநூலப் பிடிச்சிக்கிட்டு மதில் மேல நின்னாருன்னு தீர்க்கதரிசி சொன்னத போன வாரம் கோயில்ல வாசிச்சாங்க. அப்பவே எனக்குப் பக்குன்னு இருந்துச்சு."

"விரிசல் இல்லன்னா முட்டுக் குடுத்து நிறுத்திரலாம். விரிசல் இருந்தா எறக்கித்தான் ஆவணும்."

அவர் உள்ளே போய் மூலைமூலையாக உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். விரிசல் இருந்த இடத்திலும் கை நின்றது. சுவர் மூச்சுவிடவில்லை. சுண்ணாம்பு பளபளத்தது. கை நகர்ந்துவிட்டது. வெளியே பனந்தடியில் ஒரு முட்டுக் கொடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மகளின் கட்டிலை எதிர்ப்பக்கம் தள்ளிப் போட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் சுண்ணாம்புக்குப் பின்னால் இறங்கி விரிசலுக்குள் புகுந்தது.

ஒரு மத்தியானம் பியூலா கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒட்ட உட்கார்ந்தாள். கட்டில் பக்கம் இருட்டாக இருந்ததால், மூங்கில் சிம்பையும் கலர்த்தாளையும் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம், பழைய இடத்துக்கே வந்துவிட்டாள். நேரே மேலே உத்திரம்.

"என் தலை விளிம்புக்கு வந்துவிட்டது," என்றது உத்திரம். "இனி என்னால் ஆகாது."

"வாயைத் திறக்காதே," என்று சுவரிடம் சொன்னது சுண்ணாம்பு. "விரிசல் தெரிந்தால் கடப்பாரைதான். பல்லைக் கடித்துக்கொண்டு நில்."

பியூலாவுக்கு முதுகு வலித்தது. அவள் பின்னால் நகர்ந்து, நடக்கத் தெரியாத வயதிலிருந்து செய்வதைப்போல, சுவர்மேல் சாய்ந்துகொண்டாள்.

இத்தனை வருஷம் தெருவைப் பார்த்துச் சாய்ந்த சுவருக்குத் தன்மேல் சாய ஒருத்தி இருந்தது அப்போதுதான் உறைத்தது. அதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது, தனக்காக அல்ல.

"விழு," என்றது சுண்ணாம்பிடம்.

"பைத்தியமா? நான் விழுந்தால் உன்னை இடித்துவிடுவார்."

"தெரியும். விழு."

மூலைப் பூச்சு பாளமாகப் பெயர்ந்து தரையில் அடித்து விழுந்தது. "அப்பா!" என்று அலறிக்கொண்டு பியூலா எழுந்து ஓடினாள். அருமைநாயகம் வந்து பார்த்தபோது விரிசல் வழியாகத் தெரு தெரிந்தது.

"மக்கா, நீ வெளிய போ. அம்மாட்ட போ."

பிறகு தனியாக நின்று விரிசலில் கையை வைத்தார். "இப்பவாவது காட்டினியே," என்றார். அவர் அதைச் சுவரிடம்தான் சொன்னார்.

உத்திரத்துக்கு ஒரு கால் நட்டுத் தாங்கிவிட்டு, கடப்பாரையை எடுத்தார்.

வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"சீக்கிரம் உடைத்து முடி," என்றது சுவர்.

"உடைக்கச் சொல்லவில்லை," என்றது கடப்பாரை. "பிரிக்கத்தான் சொன்னார்."

மேலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கி அவர் முற்றத்தில் போட்டார். சுவர் இருந்த இடத்தில் ஓலைத்தட்டி வந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஓலைத்தட்டியில்தான் தொங்கியது. கற்கள் மழையில் கிடந்தன. பாசி பிடித்தது. ஆடுகள் ஏறி நின்று புழுக்கை போட்டன. பளிச்சென்று இருந்த காலத்தைப் பற்றி ஒரு கல்லும் பேசவில்லை.

ஒருநாள் ரோடு கான்ட்ராக்டர் துரைப்பழம் வந்து கற்களைக் காலால் தட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது கெடந்து என்னத்துக்கு? ரோட்டுப் பள்ளத்துல கொட்டிருதேன். லாரி அனுப்பட்டா?"

"உள்ள வாரும், காப்பி குடிப்போம்," என்று அருமைநாயகம் அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே பேசியது கற்களுக்குக் கேட்கவில்லை.

"நம்மை விட்டுவிட்டார்," என்றது ஒரு கல். "நாம் செய்ததற்கு இது சரிதான்," என்றது மூலைக்கல்.

மழை ஓய்ந்து முற்றம் காய்ந்தது. ஒரு காலையில் அருமைநாயகம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கல்லை மடியில் வைத்து, ஒட்டியிருந்த பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்தார். பிறகு அடுத்த கல். எல்லாக் கற்களும் லாரிச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் கிடந்தன.

லாரி வரவில்லை. அவர் இடுப்பிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார்.

குழைத்த சாந்தோடு வந்த தங்கக்கனி அதைப் பார்த்து நின்றாள். "துரைப்பழம் அண்ணன வெறுங்கையோட அனுப்பினப்பவே நெனச்சேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இன்னொரு தீர்க்கதரிசி, இடிஞ்ச கோயிலத் திரும்பக் கட்டுறப்ப தூக்குநூலக் கையில பாத்து சனங்க சந்தோசப்படுவாங்கன்னாரு. இதப் பாத்து என்ன சந்தோசம்னு எனக்கு அப்ப வெளங்கல."

"ரெண்டும் ஒரே நூலுதான், பிள்ள. சாந்து காயுது, கொண்டா."

குண்டு கற்குவியலுக்கு மேலே ஆடிக்கொண்டு வந்தது. ஒரு சின்னக் கல் நடுங்கிப்போய் மூலைக்கல்லின் அடியில் ஒண்டியது.

"மறுபடியும் அது வருகிறது! உனக்குப் பயமாக இல்லையா?"

மூலைக்கல் சிரித்ததா அழுததா என்று சொல்ல முடியவில்லை.

"அட அசடே, ரோட்டுப் பள்ளத்தில் கொட்டுகிற கல்லுக்கு யாராவது தூக்குக்குண்டு பிடிப்பார்களா?"