நிமிர்ந்து பார்க்காத தெரு

"ஒருவர்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை, அம்மா" என்றாள் செண்பகவல்லி.

அவள் சிற்பி, தலை நரைத்தவள். எதிரே அமர்ந்திருந்த தையல்நாயகி வயதில் இளையவள். ஆயினும் மடத்துக்கு வருபவர் அனைவரும் அவளையே குருவாகக் கொண்டிருந்தனர்.

"எதை, அக்கா?"

"உப்புக்காரத் தெருவின் முகப்பில் நான் வடித்த சிலையை. தலையில் கூடையோடு நிற்கும் ஒரு பெண். அவளைச் சுற்றிப் பீடத்தில் அந்தத் தெருவே நிற்கிறது. உப்பு வாருபவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், பிள்ளைகள், எல்லாரும். தெருவின் பெருமையைச் சொல்ல ஒரு சிலை வேண்டும் என்று ஊரார் கேட்டார்கள், செய்தேன். திறப்பு விழாவன்று மாலை போட்டார்கள். மறுநாள் முதல் அங்கே ஒருவரும் நிற்பதில்லை."

"நீங்கள்?"

"மாலைதோறும் போய் அமர்கிறேன். தனியாக."

தையல்நாயகி அவள் பக்கம் நகர்ந்து அமர்ந்தாள்.

"அந்தப் பெண்ணுக்கு என் தாயின் முகம். அவள் அந்தத் தெருவில் உப்பு சுமந்தவள். நான் சிறுவயதிலேயே சிற்பம் கற்க வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவளும் இல்லை. என்னை அறிந்தவர்களும் இல்லை. சிலையைப் பார்த்தாவது யாரேனும் வந்து, 'நீ அவளுடைய மகளா?' என்று கேட்பார்கள் என்று நினைத்தேன்."

"கேட்கவில்லையா?"

"இல்லை. ஏன் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று தெரிந்தால் இங்கே இருப்பேன். தெரியாவிட்டால் ஊரை விட்டே போய்விடுவேன்."

"சிலை நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது?"

"ஒரு சுமைதாங்கி. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு நீளக் கல்லைக் கிடத்தியிருந்தார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன யாரோ ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டார் வைத்ததாம். சிலையை மறைக்கும் என்று எடுக்கச் சொன்னேன். ஆனால், வீணாக்கவில்லை அம்மா. பீடத்துக்கு அடியில் கிடத்திவிட்டேன். சிலையின் பாரம் முழுவதும் இப்போது அந்தக் கற்களின் மேல்தான்."

தையல்நாயகி எழுந்து அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"மடத்து அடுக்களையில் உப்பு தீர்ந்துவிட்டது. நாளை உப்பளத்திலிருந்து ஒரு கூடை கொண்டுவாருங்கள், அக்கா."

"வண்டியில் போட்டு அனுப்பிவிடுகிறேன்."

"தலையில்" என்றாள் தையல்நாயகி.

*

உப்பளத்தில் இருவர் சேர்ந்து கூடையைத் தூக்கிச் செண்பகவல்லியின் தலையில் வைத்தார்கள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிலைவரை போய்விட்டால் இறக்கி வைத்து இளைப்பாறலாம் என்று எண்ணியபடியே நடந்தாள்.

சிலை வந்தது.

பீடத்தின்மேல் கூடைக்கு இடம் இல்லை. அங்கே தெருவே நின்றது. தரையில் இறக்கலாம் என்றால் குனிய வேண்டும். குனிந்தால் உப்பு கொட்டிவிடும். எப்படியோ இறக்கினாலும், திரும்பத் தூக்கிவிட ஆள் இல்லை.

தாயின் முகத்தையாவது பார்க்கலாம் என்று முயன்றாள். கழுத்து வளையவில்லை.

கல்லில் வடித்த பாதங்கள் மட்டும் தெரிந்தன.

பின்னால் காலடி ஓசை கேட்டது.

"யாரு தாயி அது, நடுவழியில நிக்கிறது?"

"கொஞ்சம் கை கொடுங்கள். இறக்க வேண்டும்."

"நல்லாக் கேட்ட போ. என் தலையில மட்டும் என்ன, பூவா இருக்கு?"

வந்தவளும் உப்புக் கூடை சுமந்திருந்தாள். இருவரும் அருகருகே நின்றார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"தலைக்கும் கூடைக்கும் நடுவுல ஒரு துணியச் சுருட்டி வைக்கக்கூடாதா? புதுசா நீ?"

"ஆம்."

"அதான பாத்தேன். முன்ன இந்த எடத்துல ஒரு கல்லு இருந்துச்சு. ஒத்தையில வந்தாலும் அதுலயே எறக்கி, அதுலயே ஏத்திக்கிட்டுப் போவோம். ரெண்டு பேரு சேந்துட்டா ஒரே பேச்சும் சிரிப்புமாக் கெடக்கும். வீட்டுக்குப் போக மனசே வராது."

செண்பகவல்லி கண்ணைத் தாழ்த்திப் பீடத்தின் அடியைப் பார்த்தாள்.

"நட தாயி. நின்னாத்தான் கனக்கும்."

இருவரும் நடந்தார்கள்.

"அந்தச் சிலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று செண்பகவல்லி மெல்லக் கேட்டாள்.

"பாக்கணும்னுதான் இருக்கேன். மொகம் அம்புட்டு அழகுன்னு சொல்றாக. ஒருநா வெறுந்தலையா வரணும்."

சற்றுத் தொலைவு சென்றதும் அவளே மீண்டும் பேசினாள்.

"அந்தக் கல்ல எங்க கொண்டுபோய்ப் போட்டாகளோ. ஒனக்குத் தெரியுமா தாயி?"

அடுத்த சந்தில் அந்தப் பெண்ணின் காலடிகள் பிரிந்து சென்றன.

*

மடத்து வாசலில் தையல்நாயகி இரு கைகளாலும் கூடையைத் தாங்கி இறக்கினாள்.

"சிலையைப் பார்த்தீர்களா, அக்கா?"

செண்பகவல்லி தன் பிடரியைத் தடவியபடி நின்றாள்.

"மடத்தில் கடப்பாரை இருக்கிறதா, அம்மா?"