பஸ் ஸ்டாண்டில் போட்ட ஸ்டூல்

"ஆயிரம் பேர் பார்க்குறாங்க, குருவே. ஒருத்தர்கூட கடைக்கு வரமாட்டேங்குறாங்க."

மாடிப்படி ஏறிவந்த இரைப்பு அடங்குமுன்பே சூசைமாணிக்கம் இதைச் சொல்லிவிட்டார்.

குருவின் பெயர் ஜுலைகா. திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்துக்கு மேலே ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃப்ளாஸ்க் டீ. சின்னக் கடைகளுக்கு இணையதளம் போட்டுக் கொடுப்பதும், ஊருக்குள் தேடுகிறவர் கண்ணில் அந்தக் கடை படும்படி போன் மேப்பில் ஏற்றிவிடுவதும் அவள் தொழில்.

அவளுக்கு சூசைமாணிக்கத்தின் மகள் வயதுதான் இருக்கும். மேப் என்றால் பள்ளிக்கூடச் சுவரில் தொங்குவது என்று நினைத்திருந்த மனிதர் அவர். விளையாட்டாகத்தான் குருவே என்று கூப்பிட ஆரம்பித்தார். விளையாட்டு போய்விட்டது, குரு மட்டும் நின்றுவிட்டாள்.

"உட்காருங்கண்ணே. டீ குடிங்க."

"டீ இறங்காது. ஈஸ்டருக்குள்ள நாலு ஆள் வரலைன்னா கடையை மூடிட்டு, அக்கா மகன்கூட திருப்பூருக்கு வாட்ச்மேனாப் போறதா இருக்கேன்."

ஜுலைகாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு அளவெடுத்து மெத்தென்ற செருப்பு செய்கிறவர் அவர். ஒரு ஜோடியைக் கையில் கொடுத்து, "தலையணையா வச்சுத் தூங்கலாம், பாருங்க" என்பார். அந்தக் கையை கேட் திறக்கவும் மூடவும் அனுப்புவதா?

"போன மாசம் மேப்புல பத்திருபது பேர்தானே பார்த்தாங்க? ஆயிரம் எப்படி ஆச்சு?"

சூசைமாணிக்கம் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார். இப்போது அது இறங்கியது.

"அண்ணே."

"மச்சான் சொன்னார்…"

மச்சான் பேச்சைக் கேட்டவன் கதை எங்கே போய் முடியும் என்று ஜுலைகாவுக்குத் தெரியும். அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி மேப்பைத் திறந்தாள்.

கடை இருப்பது மாட்டாஸ்பத்திரிச் சந்தில். ஆட்டோ நுழையாது. எதிரே ஓர் ஆள் வந்தால் இரண்டு பேரில் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். அந்தச் சந்துக்குள் கடையின் வாசலில் தன் கையால் அவள் வைத்த சிவப்புப் புள்ளி அங்கே இல்லை. அது பஸ் ஸ்டாண்ட் வாசலில், கொய்யா வண்டிகளுக்கு நடுவே, சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"யார் நகர்த்துனது?"

"நான்தான். நீங்க சொல்லிக் குடுத்த வித்தைதானே."

"கடை அங்கயா இருக்கு?"

"இல்லைதான். ஆனா கூட்டம் அங்கதானே இருக்கு, குருவே. சந்துக்குள்ள யார் வருவா? வழி கேட்டு போன் வந்தா நான் சொல்லிக்கமாட்டேனா?"

"போன் வருதா?"

"வருது. சந்துன்னு சொன்னதும் சரிங்கன்னு வச்சுடுறாங்க."

ஜுலைகாவுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இந்த மனிதரிடம் எந்தக் கோபத்தையும் முழுசாகப் பட முடிவதில்லை. எழுந்து போய், மூலையில் கிடந்த மடக்கு ஸ்டூலை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில உங்க கடையில போய் உட்காருங்க."

"எந்தக் கடையில?"

"ஊருக்கு நீங்க சொல்லி வச்சிருக்கிற கடையில."

*

மறுநாள் சூசைமாணிக்கம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஸ்டூலை விரித்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். வெயிலுக்காகப் பாதி, தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்கப் பாதி.

கொய்யாக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்குக் காத்திருக்கீங்க?"

"என் கடைக்கு வர்றவங்களுக்கு."

"என்ன கடை?"

"சுகர் செருப்பு."

"அடப்பாவி மனுசா, நீங்கதானா அது! செல்லைக் கையில வச்சுக்கிட்டு தினம் யாராச்சும் வந்து என்கிட்டதான் கேக்குறாங்க. அப்படி ஒரு கடையே இங்க இல்லைன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

சூசைமாணிக்கம் துண்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவர் இல்லை அவர். கால்களைத்தான் பார்ப்பார். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கால்கள், ஷூ போட்ட கால்கள், கொலுசுக் கால்கள். ஆயிரம் கால்கள் போயின. அவற்றில் ஒன்றுக்கும் அவர் தேவைப்படவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஒரு ஜோடிக் கால்கள் மெதுவாக வந்தன. வலது கால் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தது. இடது காலில் செருப்பு இருந்தது. கட்டுப் போட்ட காலில் இல்லை.

தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கால் அதில் அலுங்காமல் நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அறுபது வயதுக்காரம்மா ஒருத்தி, கையில் போனோடு நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர வேண்டிய இடத்திற்கு வந்துவிட்டீர்கள்" என்றது போன்.

"வந்தாச்சு வந்தாச்சுன்னு சொல்லுது. கடையைத்தான் காணோம்" என்றாள் அந்தம்மா, யாரிடம் என்று இல்லாமல்.

"அம்மா, வலது கால் செருப்பு எங்கே?"

அவள் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஐயய்யோ, கழண்டு விழுந்துருச்சா? எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. மரத்துப்போன கால்."

சூசைமாணிக்கம் எழுந்தார். அவள் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார். அவள் வந்த வழியே ஓடினார். ஐந்தாறு வண்டி தள்ளி, கரும்புச்சாறு மிஷினுக்குப் பக்கத்தில் அந்தச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்து இங்கே வரைக்கும் அந்தப் புண்ணோடு வெறுங்காலில் நடந்து வந்திருக்கிறாள்.

செருப்போடு வந்து தரையில் மண்டியிட்டார். துண்டை உருவி அந்தப் பாதத்தைத் துடைத்தார்.

"எந்த ஊரும்மா?"

"நத்தம் பக்கம். போன வாரமும் வந்தேன்யா. இதே இடம். சுத்திச் சுத்தி நடந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். கால் புண்ணுக்குச் செருப்புன்னு என் பேத்தி தேடிக் குடுத்தா. இந்தக் கடை ஒண்ணுதான் வந்துச்சு."

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

"இதுதான் இடம்னு இது சொல்லும்போது வேற என்னத்தய்யா கேக்குறது? பாவம், வியாபாரம் ஓடாம அந்த மனுசன் கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாரோ என்னவோ. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சூசைமாணிக்கம் செருப்பை அவள் காலில் மாட்டிவிட்டார்.

"நான்தாம்மா அந்த மனுசன்."

"நல்லதாப் போச்சு சாமி! கடை எங்க இருக்கு?"

அவர் கொய்யாக்காரரைப் பார்த்தார். கொய்யாக்காரர் தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

சூசைமாணிக்கம் கையைத் தட்டி ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டார். அந்தம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றினார். ஸ்டூலையும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

*

சாயங்காலம் மாடிப்படியில் சத்தம் கேட்டு ஜுலைகா திரும்பினாள். சூசைமாணிக்கம் வெறுங்கையோடு நின்றார்.

"கடைக்கு யாராச்சும் வந்தாங்களாண்ணே?"

"ஒருத்தங்க வந்தாங்க."

"ஆயிரத்துல ஒருத்தரா?"

"தேடி வந்தவங்க அவங்கதான், குருவே. காலுக்கு அளவு எடுத்திருக்கேன்."

"என் ஸ்டூல் எங்கே?"

"கடை வாசல்ல கிடக்கு."

"எந்தக் கடை வாசல்ல?"

அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டில் இருந்த சிவப்புப் புள்ளியைப் பிடித்தார். மாவு மில்லைத் தாண்டி, மாட்டாஸ்பத்திரியைத் தாண்டி, அந்தக் குறுகலான சந்துக்குள் கொண்டுபோய், தன் வாசலில் விட்டார்.

"சந்துக்குள்ள யார் வருவான்னீங்களே?"

"வழியை எழுதுங்க, குருவே. என் கை ஓடலை."

ஜுலைகா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்யத் தயாரானாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"கால் புண்ணுக்குச் செருப்பு. மாட்டாஸ்பத்திரிச் சந்து. மாவு மில்லுக்குப் பக்கத்துல சந்து முனை. அதுவரைக்கும்தான் ஆட்டோ வரும்."

"அப்புறம் உள்ள எவ்வளவு தூரம் நடக்கணும்?"

"நடக்க வேண்டாம்னு போடுங்க."

"நடக்காம எப்படிண்ணே வருவாங்க?"

"முனையில நின்னு ஒரு குரல் குடுக்கச் சொல்லுங்க. ஸ்டூலை எடுத்துக்கிட்டு நான் வர்றேன்."