மீகாங் ஆற்றுப் பெருங்கெளுத்தி

மீகாங் ஆற்றங்கரையில் ஒரு சிறிய மடம். அங்கே புன்மி என்பவர் சீடராகச் சேர்ந்திருந்தார். ஒரு காலத்தில் பேர்பெற்ற குத்துச்சண்டைக்காரர். குரு விசெத் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒல்லியான உடம்பு, எதற்கும் சட்டென்று சிரித்துவிடுவார்.

ஒரு காலையில் புன்மி கேட்டார்.

"குருவே, நேற்று சந்தையில் ஒருவன் என்னைப் பிடித்துத் தள்ளினான். பேசாமல் வந்துவிட்டேன். கோபத்தையும் விட்டுவிட்டால் நான் வெறும் ஆளாகிவிட மாட்டேனா?"

குரு வாய் திறப்பதற்குள் ஆற்றிலிருந்து கூக்குரல் கேட்டது. இருவரும் ஓடினார்கள்.

இடுப்பளவு நீரில் மீன்காரி நொய் நின்றிருந்தாள். அவள் வலையில் ஒரு பெருங்கெளுத்தி. ஆள் உயரத்தைவிட நீளம்.

"எங்க அப்பா காலத்துக்குப் பிறகு யார் கண்ணிலும் படாத மீன், சாமி! நானும் வலையை அறுத்துப் பார்த்துட்டேன். ஒரு கயிறு மட்டும் வாய்க்குள்ளே போய்ச் செவுளைச் சுத்திக்கிச்சு. என் கைக்கு எட்டலை. செத்துடும் போல இருக்கே!"

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"உங்கள் கை நீளம். உள்ளே விடுங்கள்," என்றார் குரு.

புன்மி அந்த வாயைப் பார்த்தார். தலையே உள்ளே போய்விடும் போலிருந்தது.

"கையைத் துண்டாக்கிவிடுமே, குருவே!"

"சீக்கிரம்."

மீனின் செவுள் அசைவது நின்றுபோயிருந்தது. புன்மி கண்களை இறுக மூடிக்கொண்டு தோள்வரை கையை விட்டார். துழாவினார். கயிறு விரலில் சிக்கியது. நெகிழ்த்தி, மெதுவாக வெளியே எடுத்தார்.

மூவரும் மீனைத் தாங்கி, நீரோட்டத்துக்கு எதிராக அதன் முகத்தைத் திருப்பிப் பிடித்தார்கள். வெகுநேரம் அது அசையவில்லை. பிறகு செவுள் ஒருமுறை திறந்தது. இன்னொரு முறை.

"உசுரு வந்துடுச்சு!" என்று நொய் கத்தினாள்.

மீன் வாலை ஒரு வீசு வீசியது. மூவரும் மூன்று பக்கம் போய் விழுந்தார்கள். எழுந்து பார்த்தபோது ஆறு மட்டும்தான் இருந்தது. நொய் கைகொட்டிச் சிரித்தாள். குருவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

புன்மி மட்டும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"குருவே, அதற்குப் பல்லே இல்லை!"

"ஆமாம்."

"பல் இல்லாமல் இத்தனை பெரிய உடம்பா? என்னதான் தின்னும்?"

குரு காவித்துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

"பாசி."