இருபத்து மூன்றாவது பாடம்

"அடுத்து எந்தப் பாடத்தைப் படிக்கட்டும் மேடம்?" என்று பிலோமினா கேட்டாள்.

கேட்டவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை. பதில் சொல்ல வேண்டிய ஜீனத் அவளைவிடப் பதினொரு வயது இளையவள். மலைமேல் இருக்கும் சுகாதார நிலையங்களின் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்க மாதம் ஒருமுறை ஜீப்பில் வருவாள். அதிகம் பேசமாட்டாள்.

பாடங்கள் போனில் இருந்தன. மொத்தம் நாற்பது. இதை முடித்துத்தான் அதைப் படிக்க வேண்டும் என்று கிடையாது. அவரவருக்கு வேண்டியதை அவரவரே எடுத்துப் படித்துக்கொள்ளலாம். முடித்தால் பச்சை டிக் விழும்.

ஜீனத் போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். டிக் முப்பத்தொன்று இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்கதான் சொல்லணும் சிஸ்டர்."

"எனக்கு எப்படித் தெரியும்? சொல்லிக் கொடுக்கறவங்க நீங்க."

"பயப்படறவங்க நீங்கதானே."

பிலோமினா சட்டென்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"நான் பயப்படறேன்னு யார் சொன்னா?"

ஜீனத் அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

அந்தப் பயத்தை பிலோமினா யாரிடமும் சொன்னதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், கீழே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது நடந்தது. குழந்தை பிறந்தது, அழவில்லை. காற்றுப் பை அவள் கையில்தான் இருந்தது. அதன் மாஸ்க்கைக் குழந்தையின் வாயும் மூக்கும் மூடும்படி வைத்துப் பையை அமுக்கினால் நெஞ்சுக்குள் காற்றுப் போகும். அவ்வளவுதான் வேலை.

அவள் அமுக்கவில்லை. கை வரவில்லை.

பக்கத்தில் நின்ற நர்ஸ் பையைப் பிடுங்கி அமுக்கினாள். குழந்தை வீறிட்டது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்தாள்.

அவள் கை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அன்றோடு போயிருக்கும்.

இந்த மலையிலும் இத்தனை நாள் பக்கத்தில் நிற்க ஒரு நர்ஸ் இருந்தாள். அவளே இப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. அடுத்த மாதம் மகப்பேறு விடுப்பில் போகிறாள். அதற்கப்புறம் பிரசவ அறையில் பிலோமினா மட்டும்தான்.

அதனால் பிலோமினா வெறிகொண்டு படித்தாள். ரத்த அழுத்தம் படித்தாள். தடுப்பூசி படித்தாள். காயத்துக்குக் கட்டுப் போடுவதைப் படித்தாள். எல்லாம் தெரிந்ததுதான். தெரிந்ததைப் படித்தால் டிக் சீக்கிரம் விழுந்தது. போனும் அவள் போக்கைப் பார்த்து, 'உங்களுக்கேற்ற அடுத்த பாடம்' என்று அதே மாதிரிப் பாடங்களாகவே எடுத்து நீட்டியது.

இருபத்து மூன்றாவது பாடத்தின் பெயர் 'மூச்சு விடாத குழந்தை'. பட்டியலில் அந்த இடம் வந்தால் விரல் தானாக வேகமாகத் தள்ளிவிடும்.

அடுத்த மாதம் ஜீனத் வந்தாள்.

"முப்பத்தொன்பது முடிச்சுட்டேன் மேடம்."

"சரி."

"மீதி ஒண்ணு தெரிஞ்சதுதான். பதினெட்டு வருஷமா பார்க்கறதுதானே."

ஜீனத் தன்னுடைய போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அதே நாற்பது பாடங்கள். இருபத்து மூன்றாவது பாடத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. படித்த தடவை: 212. கடைசியாகப் படித்தது: இன்று காலை 6.10.

பிலோமினா நிமிர்ந்தாள்.

"இது உங்களுக்குத் தெரியாததா மேடம்?"

"தெரியும்."

"எங்க எல்லாருக்கும் நீங்கதானே சொல்லிக் கொடுக்கறீங்க?"

"ஆமா."

"பின்னே எதுக்கு இத்தனை தடவை?"

ஜீனத் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"எனக்கும் ஒரு தடவை கை வரல சிஸ்டர்."

தன் தோள்பையைத் திறந்தபடி சொன்னாள்.

"பக்கத்துல யாரும் இல்ல."

பிறகு பைக்குள்ளிருந்து ஒரு ரப்பர் பொம்மையை எடுத்து மேசைமேல் கிடத்திவிட்டு வெளியே போனாள். பிறந்த குழந்தை அளவு இருந்தது அது.

பிலோமினா பாடத்தைத் திறந்தாள்.

திரையில் ஒரு குழந்தை கிடந்தது. 'என்ன செய்வீர்கள்?' என்று கேட்டது போன். அவள் தொட்டாள். 'அடுத்து?' தொட்டாள். 'மாஸ்க் வைத்துவிட்டீர்கள். நெஞ்சு எழும்பவில்லை. அடுத்து?'

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. திரையில் குழந்தை நீலம் பூத்தது. திரை இருண்டது.

'மீண்டும் முயலுங்கள்.'

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். திரும்பி வந்தாள்.

அந்த வாரத்தில் அந்தக் குழந்தை பத்தொன்பது தடவை செத்தது.

எந்த இடத்தில் அவள் தடுமாறினாளோ அந்த இடத்தையே போன் திரும்பத் திரும்ப அவள்முன் கொண்டு வந்தது. நெஞ்சு எழும்பவில்லை. அடுத்து? நெஞ்சு எழும்பவில்லை. அடுத்து? போனில் செய்ததை உடனே பொம்மையில் செய்து பார்த்தாள். பொம்மையில் தவறினால் மறுபடி போன்.

"என்ன சிஸ்டர், பொம்மையோட மல்லுக்கட்டறீங்க?" என்று சிரித்தாள் அங்கே துப்புரவு வேலை பார்க்கும் ரங்கம்மா.

பிலோமினா சிரிக்கவில்லை.

பூங்காவனத்துக்கு அது தலைப்பிரசவம். மத்தியானம் இரண்டு மணி. வெளியே பனிமூட்டம் கண்ணை மறைத்தது. கூட இருந்த நர்ஸ் விடுப்பில் போயாயிற்று. டாக்டர் பக்கத்து ஊர் முகாமுக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் கீழேயிருந்து ஏறி வர ஒன்றரை மணி நேரம்.

பையன் பிறந்தான். அழவில்லை.

துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். ஒன்றுமில்லை. கையும் காலும் துணியாகத் தொங்கின.

"சிஸ்டர், புள்ள ஏன் அழல?" என்றாள் பூங்காவனம்.

பிலோமினா தொப்புள் கொடியை வெட்டிக் குழந்தையை மேசைக்குக் கொண்டுபோனாள். மாஸ்க்கை வைத்தாள். நடுங்கிய கையாலேயே பையை அமுக்கினாள்.

நெஞ்சு எழும்பவில்லை.

"சிஸ்டர்!"

பக்கத்தில் யாரும் இல்லை. பையைப் பிடுங்க ஒரு கை இல்லை. ரங்கம்மா சுவரோடு ஒட்டி நின்றாள்.

பிலோமினா மாஸ்க்கை எடுத்தாள். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். தாடையைத் தாங்கிப் பிடித்து மாஸ்க்கை மறுபடி பொருத்தினாள். அமுக்கினாள்.

சின்ன நெஞ்சு எழும்பியது.

"அமுக்கு, விடு, விடு. அமுக்கு, விடு, விடு." யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தன்னுடைய குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. குழந்தையின் உதடு துடித்தது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அறையே அதிர அழுகை.

குழந்தையின் மூச்சு சீரானதும் அவனைத் தாயின் மார்பில் போட்டுப் போர்த்திவிட்டு பிலோமினா ஸ்டூலில் உட்கார்ந்தாள். போனில் ஜீனத்தின் எண்ணை அழுத்த விரல் ஒத்துழைக்கவில்லை. ரங்கம்மாதான் போட்டுக் கொடுத்தாள்.

"மேடம், அழுதுட்டான்."

"ம்."

"ஆனா பயம் போகவே இல்ல மேடம். இப்பகூட உடம்பு பூரா நடுங்குது. அடுத்தது வந்தா கை வருமான்னு தெரியல. இன்னும் எத்தனை தடவை படிக்கணும்? இந்தப் பயம் எப்ப மேடம் போகும்?"

அந்தப் பக்கத்திலிருந்து ஜீனத் கேட்டாள்.

"குழந்தை என்ன எடை சிஸ்டர்?"

எடை இன்னும் பார்க்கவில்லை.

பிலோமினா போனை ரங்கம்மாவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.