அசைபோட உட்கார்ந்த மான்

ஓடைக்கு இக்கரையில் ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. அக்கரையில் இன்னொரு கூட்டம் இருந்தது. கோடையில் அடிவாரத்துக் காடு காய்ந்துபோகும். முதல் மழை விழுந்ததும் மலைமேல் இருக்கும் புல்வெளி துளிர்க்கும். இரண்டு கூட்டங்களும் மலையேறிப்போய், மழைக்காலம் முழுவதும் அங்கேயே மேயும்.

மானுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிடைக்கும் தழையை முதலில் விழுங்கிவைத்துக்கொள்ளும். பிறகு நிழல் பார்த்துப் படுத்து, விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்ல மெல்ல மென்று இறக்கும். அப்படி அசைபோட்டால்தான் தின்றது உடம்பில் ஒட்டும்.

அந்தக் கோடையில் ஒரு நாள் இக்கரை மான்கள் மருதமர நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. மையன் என்ற அண்டங்காக்கை பறந்து வந்து கிளையில் உட்கார்ந்தது.

"அடப் பாவங்களே, இன்னும் இங்கேயா படுத்திருக்கிறீர்கள்? மேலே மழை கொட்டிவிட்டது. புல் முழங்கால் உயரம் நிற்கிறது. அக்கரைக் கூட்டம் அப்போதே மலையேறிவிட்டது!"

கூட்டத்தின் தலைவன் ஈட்டிக்கொம்பன் என்ற ஆண்மான். அது துள்ளி எழுந்தது.

"எல்லோரும் எழுந்திருங்கள். பிந்தினால் நமக்கு வேர்கூட மிஞ்சாது."

"தின்றது இன்னும் வயிற்றில் கல்லாகக் கிடக்கிறதே" என்றது மருதி என்ற பெண்மான். அதன் அருகில் பொட்டு என்ற குட்டி நின்றது. அந்தக் கோடையில்தான் பிறந்த குட்டி.

"அசைபோடுவதெல்லாம் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றது ஈட்டிக்கொம்பன்.

கூட்டம் ஓடத் தொடங்கியது.

காக்கை நேராக அக்கரைக்குப் பறந்தது. அங்கேயும் அதையே சொன்னது. "இக்கரைக் கூட்டம் அப்போதே மலையேறிவிட்டது!" அந்தக் கூட்டமும் எழுந்து ஓடியது. பிறகு காக்கை ஒரு புதருக்குப் பின்னால் இறங்கியது. அங்கே மொட்டைவாலன் என்ற நரி தன் கூட்டத்தோடு காத்திருந்தது.

"இரண்டு பக்கமும் சொல்லிவிட்டேன்" என்றது காக்கை.

"நல்ல வேலை செய்தாய்" என்றது நரி. "நிதானமாகப் போகிற மானிடம் நம் ஜம்பம் பலிக்காது. ஓடவிட்டால் தானாகவே விழும். விழுந்ததுதான் நமக்குச் சோறு."

"ஈரல் எனக்கு. அதை மட்டும் மறந்துவிடாதே."

கூட்டம் வெயிலில் ஓடியது. வழியில் தழை இருந்தது, நிற்கவில்லை. தண்ணீர் இருந்தது, நின்று குடிக்கவில்லை. மருதியோடு எப்போதும் சேர்ந்து மேயும் தும்பை என்ற மானுக்குப் பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொண்டது. அது கத்தியது. யாரும் நிற்கவில்லை. மருதியும் ஓட்டத்தின் வேகத்தில் கொஞ்ச தூரம் போய்விட்டுத்தான் திரும்பிப் பார்த்தது. அதற்குள் நரிகள் வந்துவிட்டன. தேடி வந்த மாதிரி இல்லை. அங்கேயே காத்திருந்த மாதிரி இருந்தது.

மருதி குட்டியை முன்னே தள்ளிக்கொண்டு ஓடியது. தும்பைக்காக அழக்கூட நேரம் இல்லை. முன்னால் போனவை "ஓடு, ஓடு" என்றன.

அடுத்த மேட்டில் பொட்டுவின் கால்கள் நடுங்கின. குட்டி மடங்கி விழப் பார்த்தது. மருதி நின்றது. அங்கிருந்த ஒரு வேங்கை மரத்தடியில் குட்டியைப் படுக்கவைத்துத் தானும் படுத்துக்கொண்டது. வயிற்றில் கிடந்ததை வாய்க்குக் கொண்டுவந்து மெல்லத் தொடங்கியது.

ஈட்டிக்கொம்பன் திரும்பி வந்தது.

"என்ன மருதி, படுத்துவிட்டாய்?"

"அசைபோடுகிறேன்."

"விளையாடுகிறாயா? கூட்டத்தை விட்டவளை நரி விடாது."

"கூட்டத்தோடு ஓடிய தும்பையை நரி விட்டதா, தலைவரே?"

ஈட்டிக்கொம்பன் குளம்பால் தரையைக் கீறியது.

"நான் மலைக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை" என்றது மருதி. "மேய்ந்து, படுத்து, அசைபோட்டு, நடந்து வருகிறேன். பிந்தித்தான் வருவேன். இருந்தாலும் குட்டியோடு வருவேன்."

"உனக்கு ஒரு வாய்ப் புல்கூட மிஞ்சாது" என்று சொல்லிவிட்டு ஈட்டிக்கொம்பன் ஓடியது. கூட்டமும் பின்னாலேயே ஓடியது. மூன்று மான்கள் மட்டும் நின்றன. ஒன்று நிறைசூலி, குட்டி ஈனும் நாள் நெருங்கிய மான். மற்ற இரண்டும் குட்டி வைத்திருந்தவை. அவையும் மருதியின் அருகில் படுத்துக்கொண்டன. எல்லோருக்கும் பயம்தான். ஆனாலும் அவற்றின் வாய்கள் மெல்லுவதை நிறுத்தவில்லை.

சற்று நேரத்தில் நரிகள் வந்தன.

மருதி எழுந்தது. மற்றவையும் எழுந்தன. குட்டிகளை நடுவில் விட்டு, முகத்தை வெளிப்பக்கம் வைத்து, வளைத்து நின்றன. மொட்டைவாலன் ஒரு அடி எடுத்துவைத்தது. மருதி முன்காலால் தரையை ஓங்கி உதைத்தது. புழுதி கிளம்பியது. நரி பின்வாங்கியது. இன்னொரு பக்கமாகச் சுற்றிப் பார்த்தது. அங்கேயும் ஒரு குளம்பு தயாராக இருந்தது.

நரிகள் கொஞ்ச நேரம் நாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தன. பிறகு முன்னால் ஓடிய கூட்டத்தின் பின்னால் போய்விட்டன.

நிறைசூலி மான் மூச்சை விட்டது. "அவ்வளவுதானா? இதற்குப் பயந்தா நாம் எங்கும் நிற்காமல் ஓடினோம்?"

அதன்பிறகு அவை நடந்தன. வழியில் நெல்லிக்காய் உதிர்ந்து கிடந்தது, தின்றன. மூங்கில் குருத்து இருந்தது, கடித்தன. நிழல் வந்தபோதெல்லாம் படுத்து அசைபோட்டன. பொட்டுவின் கால்கள் உறுதிப்பட்டன. பட்டாம்பூச்சியைத் துரத்தும் அளவுக்கு அதற்குத் தெம்பு வந்துவிட்டது.

மறுநாள் அவை ஓடையோரமாகப் போனபோது காக்கை வந்தது.

"இன்னும் இங்கேயா? மேலே பாதிப் புல் தீர்ந்துவிட்டது. ஓடுங்கள், ஓடுங்கள்!"

மருதி ஓடவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது. தழையோடு சேர்த்துக் காக்கையின் பேச்சையும் அது அசைபோட்டது.

"மையா, இந்த ஓடை எங்கிருந்து வருகிறது?"

"மலைமேலிருந்துதான்."

"மேலே மழை கொட்டியிருந்தால் தண்ணீர் செம்மண் கலந்து சிவப்பாக அல்லவா வரும்? இது கண்ணாடி மாதிரி இருக்கிறதே. குளம்பு நனையும் அளவுக்குக்கூட இல்லை."

காக்கை தலையைச் சாய்த்தது. "அது… வந்து சேர நேரம் ஆகாதா?"

"நேற்றே கொட்டிவிட்டது என்றாயே. நேற்றைய மழை இன்னுமா வந்து சேரவில்லை?"

காக்கை இறகைக் கோதுவதுபோல் பாவனை செய்தது. பிறகு பறந்துவிட்டது.

அன்று மாலை இரண்டு கரைப் பாதைகளும் சேரும் துறையில் ஒரு மான் கூட்டம் மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. அக்கரைக் கூட்டம்தான். அக்கரைப் பாதை சுற்றுவழி என்பதால், ஓடி ஓடித் தளர்ந்து இப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருந்தது. அதன் தலைவி வெள்ளச்சி, மருதியைப் பார்த்ததும் திகைத்தது.

"நீங்கள் மேலே போய் மேய்ந்துகொண்டிருப்பதாக அல்லவா காக்கை சொன்னது?"

"எங்களிடம் நீங்கள் போய்விட்டதாகச் சொன்னது" என்றது மருதி.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வெள்ளச்சி மெல்லத் தரையில் படுத்தது.

"வழியில் மூன்று பேரைப் பறிகொடுத்தோம், மருதி. யாரும் விரட்டாமலே ஓடியிருக்கிறோம்."

"படு அக்கா. முதலில் அசைபோடு. பிறகு சேர்ந்தே நடப்போம்."

அப்படித்தான் இரண்டு கரை மான்களும் முதல்முறையாக ஒரே கூட்டமாக நடந்தன. நிறைசூலி மானின் நடைதான் எல்லோருக்கும் நடை. வழியில் அது ஒரு குட்டியை ஈன்றது. குட்டி எழுந்து நிற்கும்வரை மொத்தக் கூட்டமும் காத்திருந்தது. அடுத்த நாள் ஓடை சிவந்து, நுரைத்து வந்தது.

"இப்போதுதான் மேலே மழை பெய்திருக்கிறது" என்றது வெள்ளச்சி. யாரும் அவசரப்படவில்லை.

சில நாள் கழித்து அவை உச்சிக்கு வந்தபோது புல்வெளி பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தது. எங்கேயும் ஒரு புல்கூடக் கடிபடவில்லை.

"நம் கூட்டம் எங்கே?" என்றது மருதி.

புல்வெளியின் கோடியில் அவை கிடந்தன. மழைக்கு முன்னே வந்துவிட்டதால் அவற்றுக்குக் கிடைத்தது கட்டாந்தரைதான். "அக்கரைக்காரர்கள் முகட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்" என்று காக்கை மறுபடி சொல்ல, அங்கேயும் ஓடியிருந்தன. திரும்பி வந்தபோது விழுந்துவிட்டன. சுற்றிலும் புல் முளைத்திருந்தும் எழுந்து மேயத் தெம்பு இல்லை. ஈட்டிக்கொம்பன் மட்டும் நான்கு கால்களும் நடுங்க, கொம்பைத் தாழ்த்தி அவற்றைக் காத்து நின்றுகொண்டிருந்தது. நரிகள் வட்டமாக உட்கார்ந்து, அது எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தன. காக்கை மேலே ஒரு பட்டமரத்தில் இருந்தது.

மருதி பின்னால் திரும்பிப் பார்த்தது. நடந்து வந்த மான்கள் எல்லாம் கொழுகொழுவென்று, கண்ணில் ஒளியோடு நின்றன.

"இப்போது ஓடுவோம்" என்றது மருதி.

இரண்டு கரை மான்களும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தன. புல்வெளி அதிர்ந்தது. நரிகள் திரும்பிப் பார்ப்பதற்குள் குளம்புகள் வந்து விழுந்தன. கொம்புள்ள மான்கள் குத்தின. மருதி விட்ட உதையில் மொட்டைவாலன் உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. எழுந்து நொண்டிக்கொண்டே ஓடியது. மற்ற நரிகள் அதற்கும் முன்னால் ஓடின.

ஈட்டிக்கொம்பன் அப்படியே முழங்கால் மடித்து உட்கார்ந்தது. மருதி வாயில் ஒரு கவளம் இளம்புல்லைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தது.

"நீ மட்டும் எங்களோடு ஓடி வந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றது ஈட்டிக்கொம்பன் மெல்லிய குரலில்.

"ஓடி வந்திருந்தால் நானும் உங்கள் பக்கத்தில்தான் விழுந்து கிடந்திருப்பேன்."

ஈட்டிக்கொம்பன் புல்லை மென்றது. வெகுநேரம் மென்றது. "தும்பைக்கு நான் நின்றிருக்க வேண்டும்" என்றது. மருதி அதன் அருகிலேயே படுத்துக்கொண்டது.

மாலைக்குள் விழுந்துகிடந்த மான்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. இரண்டு கூட்டங்களும் சேர்ந்து மேய்ந்தும் புல்வெளியில் ஒரு மூலைகூடக் குறையவில்லை.

பட்டமரத்துக் காக்கைக்குப் பொறுக்கவில்லை. "கேட்டீர்களா சேதியை? காட்டெருமைக் கூட்டம் ஒன்று மலையேறி வருகிறது. எல்லாப் புல்லையும் தின்றுவிடும். அடுத்த மலைக்கு ஓடுங்கள், ஓடுங்கள்!"

ஒரு மான்கூட எழவில்லை.

"வரட்டும்" என்றது ஈட்டிக்கொம்பன். "முதலில் அசைபோட்டு முடிக்கிறோம்."

மான்கள் எல்லாம் சிரித்தன. காக்கை அந்த மலையை விட்டே பறந்து போனது. மான்கள் படுத்த இடத்திலேயே, வாய் நிறைய மென்றுகொண்டு இருந்தன.

நீதி: பிறர் மூட்டிவிடும் அவசரத்துக்கு ஓடாமல் தன் நடையில் நிதானமாகப் போகிறவருக்கே, உண்மையாக ஓட வேண்டிய நேரத்தில் காலில் தெம்பு இருக்கும்.