சுண்டைக்காட்டு வெள்ளிப்பொட்டு

சுண்டைக்காட்டில் புத்திசாலிகளே பிறக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிறந்தார்கள். கொஞ்சம் நடை பழகியதும் வெளியூருக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரை வைத்துக்கொண்டு ஊர் நடந்தது. அந்த மீதியில் முதல் ஆள் கொம்பையா, பஞ்சாயத்துத் தலைவர்.

கொம்பையாவுக்கு ஒரு கவலை இருந்தது. தங்கை கோமுவைப் பக்கத்து ஊரான பூலாங்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார். அந்த ஊர் ஓடையில் யாரோ ஒரு புது நத்தையைக் கண்டுபிடித்து, அதற்குப் பூலாங்கரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உடனே பஸ் நிறுத்தத்தில் போர்டு வந்தது: 'உலகப் புகழ் பெற்ற நத்தையின் ஊர்'. குடிதண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை. போர்டு வந்துவிட்டது.

பொங்கலுக்குப் போன கொம்பையாவிடம் கோமுவின் புருஷன் சடையாண்டி கேட்டான்: "என்ன மச்சான், உங்க ஊர்ப் பேர்ல ஒரு மூட்டைப்பூச்சியாவது உண்டா?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார் கொம்பையா. "எங்க ஊர்ப் பேர்ல ஒரு உசுரு வரட்டும் மாப்ள. அதுக்கப்புறம்தான் இந்த ஊர் மண்ணை மிதிப்பேன்."

சொல்லிவிட்டு வந்துவிட்டார். இப்போது கோமுவின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பது ஒரே தாய்மாமன். "அண்ணே, நீ வராட்டா என் பிள்ளை மூளிக் காதோடதான் திரியும்" என்று கோமு போனில் அழுதாள்.

நல்ல வேளையாக, காலேஜில் பூச்சிப் பாடம் நடத்தும் ரெஜினா மேடம் அந்தச் சமயம் ஊருக்கு வந்தார். ரேஷன் கடைச் சுவரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அரிசி அளவில் ஓர் அந்துப்பூச்சி, இறக்கைக்கு ஒன்றாக வெள்ளிப்பொட்டு. "இது யாருமே எழுதிவைக்காத புது இனம்!" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் பல்லி வந்து அதைத் தின்றுவிட்டது.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொன்று கிடைத்தால் உங்கள் ஊர்ப் பெயரையே வைத்துவிடுவேன். சாயங்காலம் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து, பின்னால் விளக்கு வையுங்கள். வந்து உட்காரும். ஆனால் கையால் தொடக் கூடாது. இறக்கையில் இருக்கும் பொடி உதிர்ந்துவிட்டால் அடையாளமே போய்விடும். எதில் உட்கார்ந்ததோ அதோடு சேர்த்து, ரசகற்பூரம் போட்டுப் பெட்டியில் கொண்டுவாருங்கள். பார்க்காதவர்களும் தெரிந்துகொள்கிற மாதிரி அடையாளம் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அன்றைக்கே பூச்சிக் கமிட்டி கூடியது. தலைவர் கொம்பையா. செயலாளர் தவசி, அவருக்கு எழுத வரும், எழுதியதை வாசிக்கத்தான் வராது. மூன்றாவது ஆள் பள்ளிக்கூடச் சத்துணவு சமைக்கும் வெள்ளத்தாய்.

"அரிசி அளவுன்னு சொன்னாங்களே, பச்சரிசியா, புழுங்கலரிசியா?" என்று ஆரம்பித்தார் தவசி.

"ரேஷன் கடைச் சுவர்ல இருந்ததுன்னா ரேஷன் அரிசிதானே இருக்கும்" என்றாள் வெள்ளத்தாய்.

"அது சரி. வேகுறதுக்கு முந்தியா, பிந்தியா?"

யாருக்கும் தெரியவில்லை. மேடம் போன பஸ் மலை திரும்பியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வெள்ளத்தாய் ஒரு பானை அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். வெந்த பருக்கைகளை வரிசையாக வைத்து அளவு பார்த்தார்கள். பிறகு சோறு வீணாகிறதே என்று கமிட்டியே சாப்பிட்டது. சாப்பிட்டதும் அளவு மறந்துவிட்டது.

அடுத்தது வெள்ளைத் துணி. ஊரில் கறை இல்லாத வெள்ளைத் துணி ஒன்றே ஒன்றுதான்: கொம்பையா இடுப்பில் இருந்த வேட்டி.

"அவுத்துத் தாங்க தலைவரே."

"பதவியில இருக்கிற வரைக்கும் அவுக்க மாட்டேன்" என்றார் கொம்பையா.

ஆகவே அவரே வேட்டியின் இரண்டு முனையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் விளக்கு வைத்தார்கள். கொசு வந்தது, ஈசல் வந்தது, கடைசியில் நிஜமாகவே ஒரு வெள்ளிப்பொட்டு வந்தது. வேட்டியில் உட்காரவில்லை. கொம்பையாவின் வழுக்கைத் தலையில், நட்ட நடுவில் உட்கார்ந்தது.

"அசையாதீங்க!" என்று கத்தினார் தவசி. "நீங்கதான் இப்போ அது உட்கார்ந்த இடம்!"

"அப்போ இவரையும் சேர்த்துல்லா கொண்டுபோகணும்?" என்றாள் வெள்ளத்தாய்.

"மேடம் சொன்னது அதுதானே."

பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. கொம்பையாவை உட்காரவைத்து, மூச்சுக்கு ஓட்டை போட்டு, இரண்டு கை நிறைய ரசகற்பூர உருண்டை போட்டு மூடினார்கள். ஓட்டை வழியாகப் பார்த்துப் பார்த்துத் தவசி அடையாளம் எழுதினார். பெட்டிக்குள் பூச்சி சிறிதாகவும் கொம்பையா பெரிதாகவும் தெரிந்ததால், பெரிதாகத் தெரிந்ததையே விவரமாக எழுதினார்.

காலையில் பெட்டியைத் தூக்கி மினிபஸ்ஸில் ஏற்றினார்கள். கண்டக்டர், "உள்ளே என்ன?" என்று கேட்டான்.

"பஞ்சாயத்துத் தலைவர்" என்றார் தவசி.

"சரி, லக்கேஜ் டிக்கெட் எடுங்க."

வழியில் ஒரு பள்ளம். கற்பூர நெடியில் கொம்பையா பலமாகத் தும்மினார். வெள்ளிப்பொட்டு ஓட்டை வழியாக வெளியே வந்து, பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஜன்னல் வழியாகக் காட்டுக்குள் போய்விட்டது.

வெள்ளத்தாய் தலையில் கை வைத்தாள். தவசி கலங்கவில்லை. "போனது உட்கார்ந்ததுதான். உட்கார்ந்த இடம் பத்திரமா இருக்கு. பொடி மட்டும் உதிர்ந்திருக்கும், போட்டுவிடு" என்றார். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த முகப்பவுடரைக் கொம்பையாவின் தலையில் தாராளமாகக் கொட்டினாள். தவசி தாளில் நிறத்தையும் சேர்த்துக்கொண்டார்.

காலேஜில் மேடம் ஆசையாக ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து வெள்ளையாகக் கொம்பையா கும்பிட்டார். மேடம் தவசி கொடுத்த தாளை வாங்கி வாசித்தார்: 'நீளம் ஐந்தரை அடி. தலையில் முடி இல்லை. மேலுதட்டில் உண்டு. நிறம் வெள்ளை, துடைத்தால் கறுப்பு. வெளிச்சத்தைக் கண்டால் நிற்கும். சோற்றைக் கண்டால் உட்காரும்.'

"பூச்சி எங்கே?" என்றார் மேடம்.

"அது வழியிலேயே இறங்கிட்டுது" என்றார் கொம்பையா. "மேடம், என் தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. ஊர்ப் பேரை ஒரு உசுருக்கு வைக்கணும். எந்த உசுரா இருந்தாலும் சரி. எனக்கே வச்சிடுங்க."

அடுத்த பஸ்ஸுக்கு இவர்களை அனுப்பினால் போதும் என்று ஆகிவிட்டது மேடத்துக்கு. ஒரு சீட்டில், 'சுண்டைக்காடு கொம்பையா. ஆண். இந்த மாதிரி வேறு எங்கும் பார்த்ததில்லை' என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"பூச்சிக்குக் குத்துற மாதிரி ஊசியை நெஞ்சுலதானே குத்தணும்?" என்று தவசி அக்கறையாகக் கேட்டார்.

மேடம் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சீட்டைச் சட்டைப்பையில் குத்தினார்.

காதுகுத்து அன்று கொம்பையா கமிட்டியோடு தலை நிமிர்ந்து பூலாங்கரை மண்ணை மிதித்தார். அவருக்கு முன்னால் கற்பூர வாசனை வந்தது. சடையாண்டி சீட்டை இரண்டு தரம் வாசித்தான். நத்தையின் சீட்டு எங்கோ ஓர் அலமாரியில் இருந்தது. இது சட்டையிலேயே இருந்தது. கோமு கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையை அண்ணன் மடியில் வைக்க வந்தாள்.

"தொடாதே!" என்று குறுக்கே விழுந்தாள் வெள்ளத்தாய். "பொடி உதிர்ந்தா அடையாளம் போயிரும்!"

"ஏக்கா, மடியில வைக்காம காதை எப்படிக் குத்துறது?"

கமிட்டி அங்கேயே கூடிப் பேசியது. குழந்தையை வைக்கலாம், உதிர உதிரப் பவுடர் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று முடிவானது. குழந்தை காலை உதைத்தது. வெள்ளத்தாய் பவுடரைக் கொட்டினாள். ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். அடுத்த காதுக்கு ஊசியை நீட்டும்போது குழந்தை துள்ள, வெள்ளத்தாய் டப்பாவையே கவிழ்த்தாள். பந்தல் முழுக்க வெள்ளைப் புகை. ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு தும்மினார், கைக்கு அகப்பட்ட காதைக் குத்தி வளையத்தை மாட்டிவிட்டார்.

"ஐயோ!" என்று அலறியது கொம்பையா.

புகை அடங்கியது. கொம்பையாவின் வலது காதில் தங்க வளையம் தொங்கியது. மடியில் இருந்த குழந்தை அதைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

"அண்ணே, பிள்ளைக்கு இன்னொரு காது பாக்கி இருக்கே!" என்று பதறினாள் கோமு.

யாருக்கும் அது காதில் விழவில்லை. தவசி, மேடம் திருப்பிக் கொடுத்திருந்த அடையாளத் தாளைப் பிடித்துக்கொண்டு, வாசிக்க வராததால் எழுதியதை ஞாபகத்தில் வைத்தே, கொம்பையாவைச் சுற்றிச் சுற்றி வந்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, நாம எழுதினதுல காதுல வளையம் கிடையாது. மேடம் பேர் வச்சது வளையம் இல்லாததுக்கு. அப்போ இது அது இல்லை, வேற!"

"வேறன்னா?" என்றார் கொம்பையா, காதைப் பொத்திக்கொண்டு.

"இன்னொரு புது இனம்!" தவசி சடையாண்டி பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க. உங்க ஊர்ல ஒண்ணு. எங்க ஊர்ல இப்போ ரெண்டு. வெள்ளத்தாயி, பெட்டியைக் கொண்டா!"