நூற்று எழுபத்தொன்பது

பூவாத்தா மலைப்பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். வயது நாற்பத்து மூன்று. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள். இந்த முறையும் விட்டால் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு வயது தாண்டிவிடும். அவளுடைய குரு சிராஜுதீன், அதே பள்ளியின் கணக்கு வாத்தியார். குருவுக்கு இன்னும் மீசைகூடச் சரியாக வரவில்லை.

விடிந்தும் பனி விலகாத ஒரு காலையில் அவள் வந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளுங்கக்கா."

"முக்கோணத்துல மூணு கோணத்தையும் கூட்டினா நூத்தி எண்பதுன்னு புத்தகம் சொல்லுது. முப்பது முக்கோணம் போட்டு அளந்துட்டேன். பெரும்பாலும் நூத்தி எழுபத்தொம்பதுதான் வருது."

"பரீட்சையில என்ன எழுதினீங்க?"

"அளந்ததைத்தான்."

"புத்தகத்துல இருக்கறதை எழுதியிருக்கலாமே?"

"பருப்பை அளக்காம இவ்வளவு இருக்குன்னு எழுதுவேனா சார்? எழுதினா நாளைக்குப் புள்ளைங்க பட்டினி. பொய் எழுதி வர்ற வேலை எனக்கு வேண்டாம்." கண்ணில் நீர் கட்டிவிட்டது. "புத்தகம் பொய்யா, என் கை பொய்யா? அதை மட்டும் சொல்லிடுங்க."

வாத்தியார் திடலில் கோடு போடும் சுண்ணாம்புத் தூளை எடுத்து வந்து கொடுத்தார்.

"இஷ்டத்துக்கு ஒரு முக்கோணம் போடுங்க. பெருசா."

கொடிக்கம்பத்திலிருந்து சமையற்கூடத்து வாசலுக்கு ஒரு கோடு. அங்கிருந்து புங்க மரத்துக்கு ஒன்று. மரத்திலிருந்து மறுபடி கம்பத்துக்கு ஒன்று.

"கம்பத்துகிட்ட நின்னு சமையக்கூடத்தைப் பாருங்க. கோட்டு மேலேயே நடங்க. ஒவ்வொரு மூலையிலயும் அந்தக் கோணத்து அளவு மட்டும் திரும்பணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

நடந்தாள். சமையற்கூடத்து மூலையில், வந்த கோட்டுக்கு முதுகு காட்டி நின்றாள். முதுகு அடுத்த கோட்டுக்கு நேராகும் வரை திரும்பி, பின்பக்கமாகவே மரம்வரை நடந்தாள். அங்கே, வந்த கோடு முகத்துக்கு எதிரே இருந்தது. முகம் அடுத்த கோட்டுக்கு நேராகும் வரை திரும்பி நடந்தாள். பனியில் கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. சொப்பனத்தில் நடப்பது போலிருந்தது. கொஞ்சம் பயம், நிறைய சுகம். சந்தேகம் கேட்க வந்ததே அவளுக்கு மறந்து போயிற்று.

கம்பத்துக்கு வந்து கடைசிக் கோணத்து அளவும் திரும்பினாள்.

"சமையக்கூடம் எங்கக்கா?"

எதிரே பள்ளிக்கூட வாசலும், மலையிறங்கும் சாலையும்தான் தெரிந்தன.

"முதுகுக்குப் பின்னால."

"நேர் பின்னாலயா? ஒரு டிகிரி தள்ளியா?"

குனிந்து பார்த்தாள். முதலில் போட்ட கோடு அவள் குதிகாலிலிருந்து புறப்பட்டு நேராகப் பனிக்குள் போயிற்று.

"நேர் பின்னால. இம்மிகூடத் தள்ளலை."

"அப்போ மூணு மூலையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு திரும்பியிருக்கீங்க?"

"பாதிச் சுத்து..." அவள் குரல் இறங்கியது. "நூத்தி எண்பது."

தன் உள்ளங்கையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்போ என் கைதான் பொய் சொல்லுச்சா சார்?"

"கை பொய் சொல்லலக்கா. நூத்தி எழுபத்தொம்பது வரைக்கும் அதுதான் உங்களைக் கொண்டுவந்து விட்டுச்சு. மிச்சம் ஒண்ணுக்குத்தான் நடக்கச் சொன்னேன்."